ஒரு கிணறு, இரண்டு முகங்கள்

அன்று காலை கண்காட்சிக் கூடத்துக்குள் நுழைந்ததும் அவள் செய்த முதல் வேலை, நடுச்சுவரில் ஒரு ஆணிக்குப் பதிலாக இரண்டு ஆணி அடிக்கச் சொன்னதுதான்.

பழைய படப்பெட்டியின் அடியிலிருந்து போன வாரம் அந்த இரண்டாவது படம் வெளியே வந்ததிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை. மாட்டலாமா, பூட்டி வைக்கலாமா என்று மனசு ஊஞ்சலாடிக்கொண்டே இருந்தது. இன்றைக்கு விடிந்தபோது ஊஞ்சல் நின்றுவிட்டது. பயம் மட்டும் பாக்கி இருந்தது. பயந்துகொண்டேயும் ஆணி அடிக்கலாம்.

அருங்காட்சியகத்தின் அச்சுப்படப் பிரிவு அவள் பொறுப்பு. செப்புத் தகட்டில் கோடு கோடாகச் செதுக்கி, கோட்டுக்குள் மையை நிரப்பி, ஈரக் காகிதத்தை வைத்து அழுத்தி எடுத்த பழங்காலப் படங்கள். கழுத்தில் எந்நேரமும் பூதக்கண்ணாடி தொங்குவதால் வீட்டில் அவளுக்குப் பூதம் என்று பெயர். வைத்தவன் அண்ணன். நாற்பது வயதைத் தாண்டியும் அந்தப் பெயர் அவளை விடவில்லை.

நாளை அவளுடைய கண்காட்சித் திறப்பு. அறிஞர்களும் அவர்கள் ஒன்றைக் கண்டுபிடித்த கணங்களும்தான் பொருள். எலும்புக்கூட்டை நோக்கி விரல் நீட்டும் மருத்துவர், கூரைமேல் தொலைநோக்கியோடு நிற்கும் கணவன் மனைவி, வெடித்துச் சிதறிய குடுவையின் முன்னால் புருவம் கருகி நிற்கும் ஒரு ரசவாதி. எல்லாச் சுவரும் நிறைந்துவிட்டது. நடுச்சுவர் மட்டும் காலியாக இருந்தது. ஊரே பார்க்க வரப்போவது அங்கே மாட்டவேண்டிய கிணற்றடி அறிஞரைத்தான்.

அந்தி நேரம். ஒரு பாழுங்கிணறு, அதைச் சுற்றிக் கூட்டம். தூர்வார இறங்கிய ஆள் சுயநினைவில்லாமல் கரையில் கிடக்கிறான். அறிஞர் ஒரு விளக்கைச் சங்கிலியில் கட்டி உள்ளே இறக்குகிறார். கிணற்றின் இடிந்த சுவர் வழியே அந்த விளக்கு தெரிகிறது. சுடர் இல்லை. திரியிலிருந்து மெல்லிய புகை மட்டும் எழுகிறது. உள்ளே கண்ணுக்குத் தெரியாத ஒரு காற்று இருக்கிறது, விளக்கை அணைப்பதும் ஆளைச் சாய்ப்பதும் அதுவே என்று அவர் கண்டுகொண்ட கணம். படத்தின் அடியில் அப்படித்தான் பொறித்திருக்கிறது.

இந்தப் படத்தை ஊருக்குத் தெரியவைத்தது அவளுடைய அப்பா. பள்ளியில் அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவர். ஊருக்கே அவர் வாத்தியார். பிள்ளைகளுக்காக அவர் எழுதிய புத்தகத்தில் கிணற்றடிப் பாடம்தான் முதல் பாடம். அதைப் படிக்காமல் பள்ளியைத் தாண்டியவர்கள் இந்தப் பக்கத்தில் குறைவு. அந்தப் புத்தகத்தை வைத்துத்தான் அண்ணன் பதிப்பகமே தொடங்கினான். நாளை அப்பா கண்காட்சியைத் திறந்துவைக்க, அதே மேடையில் புத்தகத்தின் புதிய பதிப்பு வெளியாகிறது. அட்டையில் அதே கிணறு.

பெட்டியிலிருந்து வந்த இரண்டாவது படத்திலும் அதே கிணறு, அதே கூட்டம், கரையில் கிடக்கும் அதே ஆள். ஆனால் விளக்கை இறக்குபவர் அறிஞர் இல்லை, ஒரு துறவி. தலையைச் சுற்றி ஒளிவட்டம். விளக்கில் சுடர் நன்றாக எரிகிறது. கிணற்றில் விழுந்து இறந்தவனைத் துறவி உயிர்ப்பித்த அற்புதம் என்று அடியில் எழுதியிருக்கிறது.

இரண்டும் ஒரே தகட்டிலிருந்து எடுத்தவை. துறவி படம் விற்று ஓய்ந்ததும், எவனோ ஒரு சாமர்த்தியக்காரச் செதுக்குச் சிற்பி தகட்டில் அந்தத் தலையைச் சுரண்டித் தேய்த்துவிட்டு வேறு தலையைச் செதுக்கியிருக்கிறான். அந்தக் காலத்தில் அது சகஜம்.

இரண்டாவது ஆணி பாதி இறங்கியபோது அண்ணன் வந்தான்.

அவன் எப்போதுமே நடந்து வருவதில்லை, பாய்ந்து வருவான். வந்தவன் சுவரைப் பார்த்தான், ஆணிகளை எண்ணினான், ஆணி அடிப்பவரைத் தேநீர் குடித்துவிட்டு வரும்படி அனுப்பினான்.

"கிணறு வெட்டப் பூதம் கிளம்பும்னு சொல்வாங்க. எங்க வீட்ல பூதமே கிணத்தை வெட்டுது."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவன் சிரிக்கவில்லை.

அவன் சொன்னதில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. அட்டைகள் அச்சாகி அடுக்கியாயிற்று. உள்ளே முதல் பாடம் இன்று பிற்பகல் இயந்திரத்தில் ஏறுகிறது. இத்தனைக்கும் மேலே, அப்பா கண் அறுவை முடிந்து இப்போதுதான் தேறியிருக்கிறார். அவர் வாழ்நாளெல்லாம் சொன்ன கதையை அவர் திறந்துவைக்கும் கூடத்திலேயே, அவர் பெற்ற பெண்ணே பொய் என்று மாட்டுவதா? இரண்டாவது படத்தை ஒரு மாதம் பூட்டி வைத்தால் யார் குடி முழுகிவிடும் என்று கேட்டான். உண்மை எங்கேயும் ஓடிப்போகாது, கண்காட்சி முடிந்த பிறகு நிதானமாக மாட்டிக்கொள் என்றான்.

"நாளைக்கு மாட்டலைன்னா நான் என்னைக்குமே மாட்டமாட்டேன் அண்ணா. எனக்கு என்னைத் தெரியும்."

"அப்பாவைத் தெரியுமா?"

திறப்புக்கு முன் தானே வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொல்லிவிடுவதாகச் சொன்னாள். சிரமப்பட வேண்டாம், நேற்றே சொல்லிவிட்டேன் என்றான் அண்ணன். யாரோ பார்த்து வரைந்த போலிப் படம் ஒன்று கிடைத்திருக்கிறது, பூதம் அதைப் பெரிதுபடுத்துகிறாள் என்று சொல்லியிருக்கிறான்.

அவளுக்குச் சுருக்கென்றது. எந்தப் பக்கம் சாய்வது என்று அப்பாவே முடிவு செய்யட்டும் என்று நினைத்திருந்தாள். அண்ணன் தராசையே எடுத்து ஒளித்துவிட்டான்.

ஆனால் அவன் கணக்கிலும் ஒரு பிசகு இருந்தது. போலி என்று ஒரு வார்த்தையைக் காதில் போட்டுவிட்டால் வாத்தியார் வீட்டில் உட்கார்ந்திருக்கும் ரகம் இல்லை.

பகல் சாப்பாட்டுக்கு முன்பே அவர் வந்துவிட்டார். கறுப்புக் கண்ணாடி, கையில் குடை, பாக்கெட்டில் கண்ணுக்குப் போடும் சொட்டு மருந்து. மகள் இங்கே வேலைக்குச் சேர்ந்து எத்தனையோ வருஷம் ஆகிறது. அவளுடைய அறைக்குள் அவர் காலெடுத்து வைப்பது இதுதான் முதல் தடவை. அவள் விஞ்ஞானி ஆவாள் என்று அவர் எண்ணியிருந்தார். அவள் படம் பார்க்கப் போய்விட்டாள். யாராவது விசாரித்தால், பொம்மை பார்க்கிற உத்தியோகம் என்பார். அதில் கோபம் இருந்ததா வேடிக்கை இருந்ததா என்று அவளுக்கு இன்றுவரை பிடிபட்டதில்லை.

"போலியைக் காட்டு" என்றார், உட்காராமலேயே.

"போலி இல்லைப்பா."

"அதை நான் சொல்றேன். நீ காட்டு."

நீண்ட மேசையில் இரண்டு படத்தையும் பக்கத்துப் பக்கத்தில் சாய்த்து நிறுத்தினாள். மேசை விளக்கைத் திருப்பினாள். கழுத்திலிருந்த பூதக்கண்ணாடியைக் கழற்றி அவரிடம் கொடுத்தாள். அவர் குனிந்தார். புதுக் கண்ணால் அவர் கூர்மையாகப் பார்க்கும் முதல் பொருள் இதுவாக இருக்கவேண்டாமே என்று அவளுக்குத் தோன்றியது.

ஒரு படத்திலிருந்து இன்னொன்றுக்குக் கண்ணாடியை நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். பிறகு வாத்தியார் வாத்தியாராகவே தொடங்கினார்.

ஒரே தகடுதான் என்பதை ஒப்புக்கொண்டார். கூட்டத்தில் ஒரு சிறுமியின் தோளில் ஓடிய சிறு கீறல் இரண்டிலும் ஒரே இடத்தில் இருந்தது. பார்த்து வரைகிறவன் கீறலையுமா வரைவான்? சரி. ஆனால் துறவிதான் முதல் என்று எப்படிச் சொல்வது? அறிஞர் முதலில் இருந்து, பிறகு யாரோ அவரைத் துறவியாக மாற்றியிருக்கலாமே?

நல்ல கேள்வி. அவளும் அதில்தான் மூன்று நாள் மாட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முறை அச்சடிக்கும்போதும் செம்பு தேயும் என்று விளக்கினாள். துறவி படத்தில் சிறுமியின் பாவாடை மடிப்பெல்லாம் மெல்லிய கோடுகளோடு முழுதாக இருக்கிறது. அறிஞர் படத்தில் அதே பாவாடை சலவையில் வெளுத்ததுபோல் இருக்கிறது. அதாவது அது பிந்தி எடுத்தது.

"மை கம்மியா தடவியிருப்பான்."

"அப்படின்னா எல்லாமே வெளுத்திருக்கணும்ப்பா. அறிஞர் தலையைப் பாருங்க."

பார்த்தார். மங்கிய படத்தில் அறிஞரின் தலையோ நேற்றுச் செதுக்கியதுபோல் கன்னங்கரேலென்று இருந்தது. அதன் பின்னால் வானத்தில், உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிகிற மாதிரி, ஒளிவட்டத்தின் சில கதிர்கள் இன்னும் மிச்சம் இருந்தன. சரியாகத் தேய்க்காமல் விட்டுவிட்டான் சிற்பி.

அப்பா சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டார். தோற்றுப்போகிற ஆள் மாதிரி அவர் தெரியவில்லை. பரீட்சை எழுதுகிற பையன் மாதிரி இருந்தார். காகிதம் வேறாக இருக்கலாம் என்றார். இரண்டு பேர் செதுக்கியிருக்கலாம் என்றார். ஒவ்வொன்றுக்கும் அவள் ஆதாரம் காட்டினாள். காட்ட முடியாத ஒன்றிரண்டை, தெரியாது என்று சொன்னாள். தெரியாது என்று அவள் சொன்ன இடத்திலெல்லாம் அவர் தலையை ஆட்டினார். சாப்பாடு ஆறிப்போனது.

கடைசியாக அவர் நிமிர்ந்தார்.

"தலையை மாத்தியிருக்கான். ஒத்துக்கறேன். தலை போனா போகட்டும், கதை தலையில இல்லை. விளக்குல இருக்கு. விளக்கு அணைஞ்சுதா இல்லையா? அதைச் சொல்லு."

விளக்கும் சந்தேகம்தான், புகையும் அந்தத் தலையைப்போலவே புதுக் கறுப்பாக இருக்கிறது என்று அவள் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவர் முதுகு வலிக்கிறது என்று சொல்லி, எதிர்ச்சுவரோரம் கிடந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தார். மருந்தை எடுத்துக் கண்ணில் விட்டுக்கொண்டார். இமைகளைக் கொட்டி, மேசையில் சாய்த்து நிறுத்தியிருந்த அறிஞர் படத்தைத் தூரத்திலிருந்து பார்த்தார்.

அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பூதம்."

அந்தப் பெயரை அவர் சொல்லி அவள் கேட்டதே இல்லை. அது அண்ணனின் சொத்து.

"இங்க வா. அங்கேருந்து பார்க்காதே, இங்கேருந்து பாரு. கூட்டத்துல எல்லார் முகத்துலயும் வெளிச்சம் விழுது."

"ஆமாப்பா."

"கீழேருந்து விழுது. தாடைக்கு அடியில வெளிச்சம், நெத்தியில நிழல். அந்த விளக்கு எரிஞ்சாத்தான் அப்படி விழும்." அவர் குரல் அடங்கியது. "அணைஞ்ச விளக்கு இவங்க முகத்துல எப்படி வெளிச்சம் போட்டுது?"

ஒரு வாரமாகப் பூதக்கண்ணாடியை வைத்து அங்குலம் அங்குலமாகப் பார்த்தவள் அவள். மூக்கு உரசுகிற தூரத்தில் பார்த்தவளுக்கு முகங்கள் தெரிந்தன, வெளிச்சம் தெரியவில்லை. சிற்பி சுடரைத் தேய்த்துப் புகையாக மாற்றினான். கூட்டம் முழுக்க விழுந்த வெளிச்சத்தை மாற்ற அவனுக்குப் பொறுமையில்லை.

இருவரும் ஒரே சமயத்தில் மேசைக்கு ஓடினார்கள். புகையின் அடியில், திரியை ஒட்டி, பழைய சுடரின் இரண்டு வளைந்த கோடுகள் இருந்தன. எங்கே தேடுவது என்று தெரிந்த பிறகு பூதக்கண்ணாடியே தேவைப்படவில்லை.

அப்பா பெஞ்சுக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டார். அவள் சமாதானம் சொல்லவில்லை. சொன்னால் அவருக்குப் பிடிக்காது என்பது அவளுக்குத் தெரியும்.

"முகத்துல வெளிச்சம் எப்படின்னு ஒரு பிள்ளைகூட என்னைக் கேட்டதில்லை" என்றார் கடைசியில். "கேட்கிற மாதிரி நான் நடத்தலை."

நச்சுக்காற்று விளக்கை அணைக்கும் என்பது அப்படியே நிஜம், அதில் அவருக்குச் சந்தேகமில்லை. அந்த அறிஞரும் நிஜம், காற்றைப் பற்றி அவர் எழுதிய நூலும் இருக்கிறது. ஆனால் அந்தக் கிணறு, அந்த அந்தி, அந்தக் கூட்டம் எல்லாம் இந்தப் படத்தைப் பார்த்து வாத்தியார் எழுதியவை. நூலைத் திறந்து கிணறு இருக்கிறதா என்று பார்க்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. படம் அவ்வளவு நன்றாக இருந்தது.

அண்ணனைத் தொலைபேசியில் கூப்பிடச் சொன்னார்.

அண்ணன் வந்தபோது, இந்த முறை பாயாமல் நடந்து வந்தான். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டான். தங்கையை ஒரு பார்வை பார்த்தான். அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை.

முதல் பாடத்தை நிறுத்து என்றார் அப்பா. வேறு எழுதித் தருகிறேன், ராத்திரிக்குள் முடியும், புத்தகம் நாளை வராவிட்டால் அடுத்த வாரம் வரட்டும். நாளை மேடையில் நானே இரண்டு படத்தையும் காட்டிப் பேசப்போகிறேன். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுப் பேனாவைத் தேடினார்.

அண்ணன் தடைகளை அடுக்குவான் என்று அவள் காத்திருந்தாள். அட்டை, பள்ளிகள், அழைப்பு அனுப்பிய ஆட்கள், பத்திரிகைக்காரர்கள். அவனோ மேசையருகே போய் அறிஞர் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"நீங்க வகுப்புல எத்தனையோ பாடம் நடத்தினீங்க. நான் எல்லாத்துலயும் தூங்கினேன்" என்றான். "இந்த ஒண்ணுலதான் முழிச்சிருந்தேன். விளக்கு அணைஞ்சுதுன்னு சொல்லி வகுப்புல இருந்த விளக்கையும் அணைப்பீங்க. நான் மூச்சைப் பிடிச்சுக்குவேன். அதனாலதான் அச்சுத் தொழிலுக்கே வந்தேன். உங்களுக்குத் தெரியுமா அது?"

அப்பாவுக்குத் தெரியாது. அவர் முகத்தில் அது எழுதியிருந்தது.

"தெரிஞ்சிருந்தாலும் நிறுத்தச் சொல்லியிருப்பேன்டா" என்றார், மெதுவாக.

"தெரியும்" என்றான் அண்ணன். கிளம்பிப் போய்விட்டான். கதவை அறைந்து சாத்தியிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். சத்தமில்லாமல் சாத்தினான்.

அவள் பின்னால் ஓட எழுந்தாள். அப்பா கையைக் காட்டி உட்காரச் சொன்னார். அவன் கோபத்தில் போகவில்லை, யோசிக்கப் போகிறான் என்றார். சொன்னாரே தவிர, ஜன்னலுக்குப் போய் வண்டி திரும்புகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றார்.

மாலைக்குள் நடுச்சுவரில் இரண்டு படங்களும் ஏறின. துறவி இடப்பக்கம், அறிஞர் வலப்பக்கம். இடைவெளி போதாது என்று அப்பா இரண்டு முறை இறக்கி ஏற்றச் சொன்னார். ஆணி அடிப்பவர் அவளைப் பார்த்து, பெரியவர் இங்கே எத்தனை வருஷமாக வேலை செய்கிறார் என்று கேட்டார். குறிப்பு அட்டையில் அவள் எழுதியிருந்த நாலு வரியில் ஒரு வரியை அப்பா அடித்தார். 'தவறாகச் சித்தரிக்கப்பட்ட' என்ற வார்த்தை வேண்டாம், என்ன நடந்தது என்று மட்டும் எழுது, தீர்ப்பைப் பார்க்கிறவன் எழுதிக்கொள்வான் என்றார். அவள் திருத்தினாள். பிறகு அவர் அவளுடைய மேசையிலேயே உட்கார்ந்து, அவளுடைய காகிதத்திலேயே முதல் பாடத்தைப் புதிதாக எழுதத் தொடங்கினார். நடுவில் ஒருமுறை தலையை நிமிர்த்தி, சுடரைத் தேய்க்கிற கருவிக்கு என்ன பெயர் என்று கேட்டார். அவள் சொன்னாள். இத்தனை வருஷத்தில் அவளுடைய வேலையைத் தெரிந்துகொள்வதற்காகவே அவர் கேட்ட முதல் கேள்வி அது.

அப்போது அண்ணி தொலைபேசியில் கூப்பிட்டாள். அச்சுக்கூடத்தைக் கவனித்துக்கொள்வது அவள்தான். இயந்திரச் சத்தத்துக்கு நடுவிலேயே பேசிப் பழகிய குரல். இன்று பின்னால் ஒரு சத்தமும் இல்லை.

அண்ணன் வந்தானாம். யாரிடமும் பேசவில்லையாம். ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தைத் தானே நிறுத்தினானாம். முதல் பாடத்தின் அச்சுத் தகட்டைக் கழற்றி, துணியில் சுற்றி, அக்குளில் இடுக்கிக்கொண்டு வெளியே போய்விட்டானாம். வண்டியை எடுக்கவில்லை. கைப்பேசியை மேசையிலேயே விட்டுவிட்டான்.

"ஒரேயடியா நிறுத்திட்டுப் போறாரா, வேற எங்கயாவது கொண்டுபோய் அடிக்கப் போறாரான்னு எனக்குப் புரியலை" என்றாள் அண்ணி. "ஆளுங்க கையைக் கட்டிட்டு நிக்கிறாங்க. மாமாகிட்ட கேட்டுச் சொல்லு. நான் என்ன செய்யட்டும்?"

அவள் கேட்டதை அப்படியே அப்பாவிடம் சொன்னாள். அவர் பேனாவை வைக்கவில்லை.

"யாரையும் வீட்டுக்கு அனுப்பவேண்டாம்னு சொல்லு. பாடம் வந்துக்கிட்டே இருக்கு." எழுதிக்கொண்டிருந்த வரியை முடித்துவிட்டுத்தான் அடுத்ததைச் சொன்னார். "நாளைக்கு மேடையில நாற்காலி எத்தனை?"

இரண்டு என்றாள். அவருக்கு ஒன்று, அண்ணனுக்கு ஒன்று. தான் கீழே நின்றுகொள்வதாகத்தான் அவள் ஏற்பாடு செய்திருந்தாள்.

"மூணு போடச் சொல்லு" என்றார் வாத்தியார். "நடுவுல உள்ளது உனக்கு. அந்தப் பக்கத்து நாற்காலி, அவன் வர்ற வரைக்கும் அப்படியே இருக்கட்டும். யாரையும் அதுல உட்கார விடாதே."

அவள் அண்ணியிடம் அச்சுக்கூடத்துக்கான பதிலைச் சொல்லி முடித்தாள். பிறகு, விளக்குகளை அணைக்கத் தொடங்கியிருந்த கூடத்துக்குள் நடந்து போய், இன்னொரு நாற்காலி கொண்டுவரச் சொன்னாள்.